ஏணி வச்சாலும் எட்டாத ஜோடி!



போன கோடை விடுமுறையில், என் மகள் வீட்டுப் பிள்ளைகள் ஒரு மாதம் என்னோடு தங்கியிருந்தனர். பேரன் ஏழாம் வகுப்பு. பேத்தி நான்காம் வகுப்பு. ஒருநாள் மத்தியானம், ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கூடத்தில், "டமால்... டுமீல்..." என்று ஒரே சத்தம். நடுநடுவே, இரண்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் சத்தம்.

எட்டிப் பார்த்தேன். 'டிவி'யில் ஒரு மனிதர், நாலைந்து பேரைப் பந்தாடிக்கொண்டிருந்தார்.

"என்னடா இது... ஒருத்தரை ஒருத்தர் போட்டு அடிக்கிறாங்க. இதைப் பார்த்துச் சிரிப்பு வேறயா? அணைங்க முதல்ல!" என்றேன்.

"பாட்டி... அஞ்சே நிமிஷம் உட்கார்ந்து பாருங்க. அப்புறமா திட்டுங்க!" என்றான் பேரன்.

சரி என்று உட்கார்ந்தேன். ஐந்து நிமிஷம் ஆனதும், "முதல்ல இருந்து போடுடா..." என்று நானே சொல்லிவிட்டேன். மாங்காய் நறுக்கினது பாதி, நறுக்காதது பாதியாக அப்படியே கிடந்தது. கடைசியில், அவர்களைவிட நான்தான் சத்தமாகச் சிரித்தேனாம், பேத்தி சொன்னாள்.

படம் முடிந்ததும் அவள் ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏன் பாட்டி... ரெண்டு பேருக்கும் எதுலயுமே ஒத்துப்போகலை. அப்படி ஒத்துப்போகாதவங்களைப் பார்க்கிறது மட்டும் நமக்கு ஏன் இவ்வளவு பிடிக்குது?"

நான் 36 ஆண்டுகள் ஆசிரியையாக வேலை பார்த்தவள். சட்டென்று பதில் வராத கேள்வியைப் பிள்ளைகள் கேட்டால், "நல்ல கேள்வி... நாளைக்குச் சொல்றேன்!" என்று தப்பித்துக்கொள்வோம். அன்றும் அதையேதான் சொன்னேன்.

ஆனால், மறுநாள் காலை அதே படம் என் வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டது. அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன். முதலில், பேத்தியின் கேள்வியைப் பார்ப்போம்.

வாய்க்கு ஒருவர்... கைக்கு ஒருவர்!

அன்று பார்த்த படத்தின் பெயர், 'ரஷ் ஹவர்'. 1998இல் வந்த ஹாலிவுட் படம். ஹாங்காங்கின் ஜாக்கி சானும், அமெரிக்க நகைச்சுவை நடிகர் கிறிஸ் டக்கரும் நடித்தது. உலகம் முழுக்க சக்கைப்போடு போட்டதால், 2001இல் இரண்டாம் பாகமும், 2007இல் மூன்றாம் பாகமும் வந்தன.

கதை இதுதான். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இருக்கும் சீனத் தூதரின் சின்ன மகளைக் கடத்திவிடுகிறார்கள். அந்தத் தூதருக்கு அமெரிக்கக் காவல் அதிகாரிகள் மீது மட்டும் நம்பிக்கை வைக்க மனமில்லை. ஹாங்காங்கிலிருந்து, தன் நண்பரான இன்ஸ்பெக்டர் லீயை வரவழைக்கிறார். அமெரிக்க அதிகாரிகளுக்கு இது பிடிக்கவில்லை. 'வெளியூர்க்காரர் எதற்கு நம் வழக்கில் மூக்கை நுழைக்க வேண்டும்? எங்கேயாவது சுற்றிக் காட்டி, ஆளை அந்தப் பக்கமே வைத்திருங்கள்...' என்று, கார்ட்டர் என்ற போலீஸ்காரரை அனுப்புகிறார்கள்.

லீ பேச மாட்டார், செய்வார். கார்ட்டர் பேசுவார்... பேசுவார்... பேசிக்கொண்டே இருப்பார்! லீ விதிப்படி நடப்பவர். கார்ட்டருக்கு விதி என்றாலே வேப்பங்காய். லீக்கு கையும் காலும் ஆயுதம். கார்ட்டருக்கு வாய்தான் ஆயுதம்.

விமான நிலையத்தில் இருவரும் சந்திக்கும் காட்சி இருக்கிறதே... கார்ட்டர், 'இவருக்கு ஆங்கிலம் தெரியாது போலிருக்கிறது' என்று நினைத்துக்கொண்டு, காது கேளாதவரிடம் கத்துகிற மாதிரி கத்திக் கத்திப் பேசுகிறார். லீ வெறுமனே சிரிக்கிறார். அந்தச் சிரிப்பை நம்பி, கார்ட்டர் வாய்க்கு வந்தபடியெல்லாம் பேசிக்கொண்டே போகிறார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிகிறது, லீக்கு ஆங்கிலம் நன்றாகவே தெரியும் என்று. கார்ட்டர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

அதன்பின், தொட்டதற்கெல்லாம் சண்டைதான். காரில் இருக்கும் ரேடியோவில் லீ பாட்டை மாற்றினார் என்பதற்கே ஒரு சண்டை. 'எங்கப்பா பெரிய ஆள்... இல்லை, எங்கப்பாதான் பெரிய ஆள்' என்று இன்னொரு சண்டை. நம் வகுப்பில் நடக்கிற மாதிரியே இல்லை?

கொடுக்கல் வாங்கல்!

இங்கேதான், பேத்தியின் கேள்விக்கு முதல் பதில் இருக்கிறது.

படத்தின் நடுவில், சைனா டவுன் பகுதியில் ஓர் உணவகத்துக்கு வெளியே, இருவரும் எதிரிகளுக்காகக் காத்திருக்கிறார்கள். பொழுது போகவில்லை. எதிரி நீட்டும் துப்பாக்கியை, கண்மூடித் திறப்பதற்குள் பிடுங்கும் வித்தையை கார்ட்டருக்குக் கற்றுத் தருகிறார் லீ. பதிலுக்கு, ஒரு பாட்டைச் சரியாகப் பாடவும், தோளைக் குலுக்கி ஆடவும் லீக்குக் கற்றுத் தருகிறார் கார்ட்டர். இரண்டு பேரும் நடுத்தெருவில் ஆடுகிறார்கள்.

இது ஒரு கொடுக்கல் வாங்கல். ஒருவரிடம் இல்லாதது, மற்றவரிடம் இருக்கிறது. இருவரும் ஒரே மாதிரி இருந்திருந்தால், கற்றுக்கொடுக்கவும் ஒன்றும் இருக்காது. கற்றுக்கொள்ளவும் ஒன்றும் இருக்காது. இரண்டு லீ சேர்ந்தால் படத்தில் பேச்சே இருக்காது. இரண்டு கார்ட்டர் சேர்ந்தால், வில்லன் காது வலித்தே ஓடிப் போவான்!

படம் ஆரம்பித்ததும், 'இதுங்க ரெண்டும் எப்படித்தான் சேர்ந்து வேலை பார்க்கப் போகுதோ...' என்று நினைக்கிறோம். அந்த இடைவெளி பெரிதாக இருக்க இருக்க, சிரிப்பும் பெரிதாகிறது. அது கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்போது, நம் மனசுக்குள் ஏதோ ஒரு சந்தோஷம். சிரிப்பு தந்தது ஒத்துப்போகாமை. சந்தோஷம் தந்தது, அவர்கள் ஒத்துப்போனது.

கார்ட்டருக்குக் கூட்டாளி என்றாலே ஏன் பிடிக்காது என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. அவரது அப்பாவும் போலீஸ்காரர். ஆபத்தான நேரத்தில் கூட்டாளி துணைக்கு வராததால், உயிரை விட்டவர். 'யாரையும் நம்பக் கூடாது' என்று மகன் முடிவெடுத்துவிட்டார். வேடிக்கைக்குப் பின்னால், இப்படி ஒரு வலி ஒளிந்திருக்கிறது.

படத்தின் முடிவில், மிக உயரமான கூரையிலிருந்து பிடி நழுவித் தொங்குகிறார் லீ. கீழே, பெரிய கொடித்துணி ஒன்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பது யார் தெரியுமா? கார்ட்டர்! லீ அதில் விழுந்து, சறுக்கிக்கொண்டு வந்து தப்பிக்கிறார். 'கூட்டாளியே வேண்டாம்' என்றவர், சரியான நேரத்தில் தான் கூட்டாளியாக வந்து நின்றார்.

இந்தக் காட்சியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலைக் கதைக்கு இதுதான் விதை!

தாத்தா காலத்து ஜோடி

இந்த மாதிரி ஜோடி நேற்று முளைத்ததல்ல. உங்கள் தாத்தாவிடம், 'லாரல் - ஹார்டி தெரியுமா?' என்று கேட்டுப் பாருங்கள். உடனே சிரிப்பார்.

ஸ்டான் லாரல், இங்கிலாந்தில் பிறந்தவர்; ஒல்லி. ஆலிவர் ஹார்டி, அமெரிக்காவில் பிறந்தவர், குண்டு. 1927 முதல் ஜோடியாக நடித்து, நூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் வந்தனர்.

1932இல் வந்த அவர்களது 'தி மியூசிக் பாக்ஸ்' குறும்படம், ஆஸ்கர் விருது பெற்றது. கதை என்ன தெரியுமா? பெரிய மரப்பெட்டியில் இருக்கும் பியானோவை, மேட்டில் உள்ள ஒரு வீட்டுக்குக் கொண்டு போக வேண்டும். அவ்வளவுதான்! லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் உள்ள அந்தப் படிக்கட்டில் 133 படிகள். ஏற்றுவார்கள், பெட்டி தடதடவென்று கீழே உருளும். மறுபடி ஏற்றுவார்கள், மறுபடி உருளும். ஒருவழியாக, உயிரைக் கொடுத்து மேலே ஏற்றிய பிறகு, ஒரு தபால்காரர் வந்து, 'அந்தப் பக்கம் சாலை இருக்கிறதே... வண்டியிலேயே மேலே வந்திருக்கலாமே!' என்பார்.

இவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 'அட, ஆமாம்!' என்று, பியானோவைத் திரும்பக் கீழே இறக்கி, வண்டியில் ஏற்றிக்கொண்டு மேலே வந்தார்கள்!

இன்னொரு ரகசியம் கேளுங்கள். திரையில் லாரல்தான் மண்டு. ஆனால், நிஜத்தில் அவர்தான் அந்த ஜோடியின் மூளை. எந்த இடத்தில் விழ வேண்டும், எந்த இடத்தில் விழிக்க வேண்டும் என்று உட்கார்ந்து யோசிப்பார். ஹார்டியோ, வேலை முடிந்ததும் கோல்ஃப் விளையாடக் கிளம்பிவிடுவார். 'அவர் யோசித்தால் சரியாகத்தான் இருக்கும்' என்று, லாரல் மீது அவ்வளவு நம்பிக்கை!

1957இல் ஹார்டி இறந்தார். அதன்பின், 1965இல் தான் இறக்கும் வரை, லாரல் எந்தப் படத்திலும் நடிக்க ஒப்புக்கொள்ளவில்லை. திரையில் ஓயாமல் சண்டை போட்ட ஜோடி அது!

நான் செய்த தப்பு

இதைச் சொல்லும்போது, என் வகுப்பில் நடந்த ஒன்று ஞாபகத்துக்கு வருகிறது. சொன்னால் எனக்குத்தான் வெட்கம். இருந்தாலும் சொல்கிறேன்.

நான் கிராமத்துப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குப் பாடம் எடுத்த காலம். ஒரே பெஞ்சில் இரண்டு பையன்கள். ஒருவன் வாய் ஓயாது; பிள்ளைகள் வைத்த பெயர், 'மைக்செட்.' இன்னொருவன் கேட்டால்கூட பதில் சொல்ல மாட்டான். அவன் பெயர், 'மௌனசாமி.' மௌனசாமி கணக்கில் புலி. மைக்செட்டுக்குக் கணக்கு என்றால் காய்ச்சல்.

'இந்த வாயாடி, நல்லாப் படிக்கிற பையனையும் கெடுத்துடுவான்' என்று நானே முடிவு கட்டினேன். ஒருநாள், மைக்செட்டைக் கடைசி பெஞ்சுக்கு மாற்றிவிட்டேன். அவன் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு போனபோது, முதல் முறையாக ஒன்றுமே பேசவில்லை.

அடுத்த இரண்டு மாதத்தில் என்ன நடந்தது தெரியுமா? மைக்செட், கணக்கில் ஒற்றை இலக்க மதிப்பெண்ணுக்கு இறங்கினான். அதுகூட எதிர்பார்த்ததுதான். ஆனால், மௌனசாமி அதற்கு முன் அபூர்வமாகத் திறந்த வாயையும் மூடிக்கொண்டான். விளையாட்டு நேரத்தில், வேப்ப மரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தான்.

பக்கத்தில் போய், "ஏன்டா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன்.

வெகுநேரம் கழித்துச் சொன்னான்: "அவன்தான் டீச்சர், எனக்கும் சேர்த்துப் பேசுவான்."

எனக்குச் சுருக்கென்றது. எனக்கு ஒரு சந்தேகம் வந்தால் அவன் கேட்பான். யாராவது கேலி செய்தால் அவன் சண்டைக்குப் போவான் என்பதெல்லாம், அந்த ஒரே வரியில் இருந்தது. மைக்செட்டைக் கேட்டால், "கணக்கை அவன் சொல்லித் தந்தா மட்டும்தான் டீச்சர் மண்டையில ஏறும்" என்றான்.

மறுநாளே, இருவரையும் பழைய பெஞ்சில் உட்கார வைத்தேன். "தப்பு என்னுதுதான்டா" என்று, வகுப்பு முன்னாலேயே சொன்னேன். அப்புறம் சத்தம் கொஞ்சம் அதிகமாகத்தான் இருந்தது. பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

லீயையும், கார்ட்டரையும் பார்த்தபோது, அந்த இரண்டு முகங்கள்தான் எனக்குத் தெரிந்தன.

அடி விழுந்தும் சிரிப்பு ஏன்?

சரி... ஜோடி புரிந்துவிட்டது. 'அடி, உதை, வெடி என்று ஏகத்துக்கு மிகையாகக் காட்டுகிறார்களே, அது ஏன் நம்மைச் சிரிக்க வைக்கிறது?' என்று கேட்பீர்கள்.

சுமார் 500 ஆண்டுகளுக்கு முன், இத்தாலி நாட்டில் தெருவிலும் சந்தையிலும் நாடகம் போடுவார்கள். அதில் வரும் கோமாளி, கையில் ஒரு விசித்திரமான குச்சி வைத்திருப்பான். இரண்டு மெல்லிய மரப்பட்டைகளை, ஒரு முனையில் சேர்த்துக் கட்டியது. அதால் ஒருவரை லேசாகத் தட்டினாலே போதும். இரண்டு பட்டைகளும் ஒன்றோடு ஒன்று மோதி, 'பளார்' என்று பெரிய சத்தம் வரும். வாங்கியவருக்கு வலிக்காது. பார்ப்பவர்களோ, விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அந்தக் குச்சிக்கு ஆங்கிலத்தில், 'ஸ்லாப்ஸ்டிக்' என்று பெயர். விழுவது, மோதுவது, அடிபடுவது போன்ற நகைச்சுவைக்கே, பின்னாளில் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

சத்தம் பெரிது, வலி இல்லை. இதுதான் சூத்திரம்! நமக்கும் திரைக்கும் நடுவே, 'இது விளையாட்டு. யாருக்கும் ஒன்றும் ஆகாது' என்று ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. மிகையாகக் காட்டும்போது, 'இது நிஜமல்ல' என்று அந்த ஒப்பந்தத்தை நமக்கு ஞாபகப்படுத்துகிறார்கள். அதே அடியை, வலியும் ரத்தமுமாக நிஜம்போல் காட்டியிருந்தால், நாம் சிரித்திருப்போமா? கண்ணை மூடிக்கொண்டிருப்போம்.

சினிமாவில் அந்தக் குச்சியின் வேலையைச் செய்வது கேமராவும், ஒலிப்பதிவும். குத்து, முகத்துக்கு அருகே வந்து விலகிப்போகும். கேமரா இருக்கும் கோணத்தால், பட்டது போலத் தெரியும். 'டிஷ்யூம்' சத்தத்தை, அப்புறம் தனியாகச் சேர்ப்பார்கள்.

'ரஷ் ஹவர்' படத்தில், பழங்காலச் சீனக் கலைப்பொருட்கள் வைத்திருக்கும் கண்காட்சியில் ஒரு சண்டை வரும். ஆளுயரப் பூ ஜாடிகள். எதிரிகள் சுற்றி வளைத்து அடிக்கிறார்கள். லீக்கோ, ஜாடி உடைந்துவிடக் கூடாதே என்ற கவலை. ஒரு காலால் உதைத்துக்கொண்டே, சாயும் ஜாடியைக் கையால் தாங்குகிறார். தாங்கிய கையை எடுப்பதற்குள், இன்னொரு ஜாடி சாய்கிறது!

தலையில் தயிர்ப் பானையோடு போகும்போது, நாய் துரத்தினால் எப்படி இருக்கும்? ஓடவும் வேண்டும், பானையும் உடையக் கூடாது. அந்த அவஸ்தைதான் சிரிப்பு. வெறும் சண்டையில் அது வராது.

மறுநாள் காலை...

இப்போது, வயிற்றில் புளியைக் கரைத்த கதைக்கு வருகிறேன்.

மறுநாள் காலை, வடாம் காய வைக்க மொட்டை மாடிக்குப் போனேன். அங்கே, தண்ணீர்த் தொட்டிச் சுவரின் மேல் நிற்கிறான் பேரன். ஆறரை அடி உயரம். கீழே, ஜமக்காளத்தின் ஒரு முனையைக் கொடிக்கம்பத்தில் கட்டி, மறுமுனையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் பேத்தி.

"ஒண்ணு... ரெண்டு..." என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

வடாம் தட்டு எங்கே விழுந்தது என்றே தெரியவில்லை. "அங்கேயே நில்லுடா!" என்று கத்தினேன். ஸ்டூலைப் போட்டு, அவனை இறக்கிவிட்ட பிறகும் என் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

பேத்தி அழுதுகொண்டே சொன்னாள்: "நான் பிடிச்சிருப்பேன் பாட்டி... கையை விட்டிருக்கவே மாட்டேன்!"

எனக்குக் கோபம் போய்விட்டது. அடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டோம். ஆறரை அடி, அதாவது 2 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால், தரையைத் தொடும்போது வேகம் மணிக்குச் சுமார் 22 கிலோ மீட்டர். சைக்கிளை முழு வேகத்தில் மிதித்துக்கொண்டு போய், சுவரில் மோதுவது போல! அந்த வேகத்தில் வரும் 35 கிலோ பையனை, 24 கிலோ பாப்பா ஜமக்காளத்தில் தாங்க முடியுமா? அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போயிருக்கும்.

"ஜாக்கி சான் மட்டும் எப்படிப் பாட்டி...?" என்றான் பேரன்.

சிரிப்புக்குப் பின்னால்...

குழந்தைகளே, ஜாக்கி சான் 1954இல் ஹாங்காங்கில் பிறந்தவர். அப்பா சமையல்காரர், அம்மா வீட்டு வேலை செய்தவர். அவர்கள் வேலைக்காக ஆஸ்திரேலியா போனபோது, மகனை ஹாங்காங்கிலேயே ஒரு சீன நாடகப் பள்ளியில் விட்டுவிட்டார்கள். அங்கே பத்து ஆண்டுகள், குட்டிக்கரணம், தற்காப்புக் கலை, பாட்டு, நடிப்பு என்று மிகக் கடுமையான பயிற்சி. நாம் பார்த்துச் சிரிக்கும் ஒரு நிமிஷத் துள்ளலுக்குப் பின்னால், அந்தப் பத்து ஆண்டுகள் இருக்கின்றன.

அவருக்கு முன்னோடி, பஸ்டர் கீட்டன் என்ற அமெரிக்க நடிகர். 1928இல் வந்த படமொன்றில், ஒரு வீட்டின் முன்பக்கச் சுவர் முழுவதும் கீட்டன் மேல் சாயும். மாடி ஜன்னல் திறந்திருந்ததால், அந்த ஓட்டைக்குள் அவர் அப்படியே நிற்பார், ஒன்றும் ஆகாது. அது நிஜச் சுவர்! சில அங்குலம் தள்ளி நின்றிருந்தால், உயிரே போயிருக்கும். அளந்து, கணக்குப் போட்டுச் செய்த காட்சி அது.

அப்படிக் கணக்குப் போட்டும், தப்பு நேரும். 1986இல் வந்த, 'ஆர்மர் ஆஃப் காட்' படத்துக்காக, அப்போதைய யூகோஸ்லாவியா நாட்டில் மரக்கிளைக்குத் தாவினார் ஜாக்கி சான். முதல் முறை சரியாகவே வந்தது. 'இன்னும் நன்றாக வரட்டும்' என்று மறுபடி தாவினார். கிளை முறிந்தது. பாறையில் தலை மோதி, மண்டை ஓடு உடைந்தது. அறுவை சிகிச்சை செய்து பிழைத்தார். அந்தக் காயம், அவருடைய ஒரு காதின் கேட்கும் திறனையும் பாதித்தது.

1995இல், 'ரம்பிள் இன் தி பிராங்க்ஸ்' படத்தில் குதித்தபோது, கணுக்கால் உடைந்தது. கட்டுப் போட்ட காலுக்கு, ஷூ மாதிரியே வண்ணம் தீட்டிய காலுறையை மாட்டிக்கொண்டு நடித்தார்!

இதையெல்லாம் அவர் ஒளித்து வைக்கவில்லை. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது, படப்பிடிப்பில் தவறிப்போன காட்சிகளையும், அடிபட்டதையும் காட்டுவது அவர் வழக்கம். பெரும்பாலோர், 'படம் முடிந்தது' என்று அப்போதுதான் எழுந்து போவார்கள். நான் சொல்கிறேன், அந்த இரண்டு நிமிஷத்தைக் கட்டாயம் பாருங்கள். சத்தம் பெரிது, வலி இல்லை என்பது நமக்குத்தான். நடித்தவர்களுக்கு வலி நிஜம்!

'ரஷ் ஹவர்' முடிவிலும் அது உண்டு. படம் முழுக்க வாய் ஓயாமல் பேசிய கிறிஸ் டக்கர், இரண்டு மூன்று சீனச் சொற்களைச் சொல்ல முடியாமல் திணறுவார். ஆங்கிலத்தில் பேசி நடிக்கத் தான் எவ்வளவு கஷ்டப்பட்டேன் என்பது இப்போது புரிகிறதா என்று, பக்கத்தில் நிற்கும் ஜாக்கி சான் கிண்டல் செய்வார். பிறகு இருவரும் சேர்ந்து சிரிப்பார்கள். எனக்குப் படத்தில் மிகவும் பிடித்த இடம் அதுதான்.

அந்த ஜாக்கி சானுக்கு, 2016இல் சிறப்பு ஆஸ்கர் விருது கொடுத்தார்கள். நம்ம ஊருக்கும் வந்திருக்கிறார். 2008இல், 'தசாவதாரம்' படப் பாடல் வெளியீட்டு விழாவுக்காக, சென்னை வந்தார்.

பேத்திக்கு என் பதில்

அன்று சாயங்காலம், பேத்திக்குப் பதில் சொன்னேன்.

"நம்மைப் போலவே இருக்கிறவங்களோட சேர்றது சுலபம்டா கண்ணு. நமக்குக் கொஞ்சமும் ஒத்துப்போகாத ஒருத்தரோட சேர முடியுமான்னு நம்ம எல்லாருக்கும் உள்ளுக்குள்ள ஒரு பயம் இருக்கு. முடியும்னு அந்தப் படம் சிரிக்கச் சிரிக்கச் சொல்லுது. அதான் பிடிக்குது."

"அப்போ அண்ணன் என்னை நம்பினது சரிதானே பாட்டி?"

"நம்பினது சரி, குதிக்கப் பார்த்ததுதான் தப்பு" என்றேன்.

பேரனுக்கும், பேத்திக்கும் எதிலும் ஒத்துப்போகாது. இவன் நெட்டை, அவள் குட்டை; இவனுக்குத் தோசை, அவளுக்கு இட்லி. தினமும் பத்து சண்டை. அந்த ஜமக்காளத்தை மடிக்கச் சொன்னேன். பெரிய ஜமக்காளம்; ஒருவரால் மடிக்க முடியாது. ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு, "நீ இங்க வா... இல்ல, நீ வா..." என்று சண்டை போட்டுக்கொண்டே மடித்து முடித்தார்கள். கொஞ்சம் கோணல்தான், ஆனாலும், மடித்துவிட்டார்கள்!

குட்டீஸ்... உங்கள் வகுப்பில், உங்களுக்குக் கொஞ்சமும் ஒத்துப்போகாதவர் என்று ஒருவர் இருப்பார்தானே? ஒரே ஒரு நாள், மதியச் சாப்பாட்டை அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டுப் பாருங்கள். அவருக்குத் தெரிந்த ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தெரிந்த ஒன்றைக் கற்றுக்கொடுங்கள்.

அப்புறம், ஞாபகம் இருக்கட்டும்... சண்டைப் படத்தைப் பார்க்க வேண்டிய இடம் கூடம்; செய்து பார்க்க வேண்டிய இடம், எதுவுமே இல்லை!

என்ன, சரிதானே?